அந்த விலை யாரிடம் கொடுக்கப்பட்டது?

திருகோணமலை உவர்மலையில் வளர்ந்த சைவக் குடும்பத்துப் பிள்ளை என்று சொல்லி நீங்கள் கேட்டதை, மற்றவர்களும் படிப்பதால், ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். உங்களோடு வேலை செய்யும் கிறிஸ்தவ நண்பர், "இயேசு விலை கொடுத்து உன்னை மீட்டுவிட்டார்" என்று அடிக்கடி சொல்கிறார். உங்களுக்கு அது பிடிபடவில்லை. விலை கொடுத்தார் என்றால் யாரிடம் கொடுத்தார்? கடவுளிடம் என்றால் ஒரு கையில் இருந்ததை மறு கைக்கு மாற்றிய கதை. பிசாசிடம் என்றால் பிசாசுக்கும் ஏதோ உரிமை இருந்தது என்று ஆகிறது. அவனவன் வினையை அவனவன்தானே தீர்க்க வேண்டும், இன்னொருவர் எப்படித் தீர்ப்பது? மன்னிக்க மனமுள்ள கடவுள் சும்மா மன்னித்துவிடலாமே, இரத்தம் எதற்கு? கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள்: மீட்பைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள்தானே கோணேசர் கோயிலை இடித்தார்கள்.

மூன்று நாலு கேள்விபோல இருந்தாலும் எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. இது ஒரு கொடுக்கல் வாங்கலா, அப்படியானால் அதில் அன்பு எங்கே, நீதி எங்கே என்று கேட்கிறீர்கள். நான் மெதடிஸ்த திருச்சபைப் போதகர், அதாவது புரட்டஸ்தாந்தர். பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் படித்தேன். பிறகு இருபத்தாறு வருட ஊழியத்தில் பெரும்பகுதி திருகோணமலையிலும் மூதூர்ப் பக்கமும் கழிந்தது. கீழே சொல்வதில் சில எல்லாச் சபைகளும் ஏற்பவை, சில அறிஞர்கள் இன்றும் வாதாடுபவை, சில என் சொந்த முடிவு. எது எது என்று அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சொல்லில் இருக்கும் ஒரு சிக்கலை அவிழ்க்க வேண்டும். உங்கள் நண்பர் கத்தோலிக்கரா, புரட்டஸ்தாந்தரா என்று நீங்கள் சொல்லவில்லை. அதைப் பொறுத்து அவர் வாயில் 'மீட்பு' என்ற சொல்லின் பொருளே மாறும். எங்கள் சபைகளில் வாசிக்கும் பழைய வேதாகமம் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது. ஆபத்திலிருந்து காப்பாற்றுவது இரட்சிப்பு. விலை கொடுத்தோ வலிமையாலோ விடுவித்து எடுப்பது மீட்பு. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் பெரும்பாலான இடங்களில் இரண்டுக்கும் மீட்பு என்றே வருகிறது. பெத்லகேமில் பிறந்தவர் பழைய மொழிபெயர்ப்பில் இரட்சகர், புதியதில் மீட்பர். ஆகவே மரியாள் பேராலயத்துக்குப் போகிற கத்தோலிக்கர் ஒருவர் "மீட்பு" என்றால் அது முழுக் காப்பாற்றுதலையும் குறிக்கலாம். என்னைப் போன்றவர் சொன்னால் அந்த விலைச் சங்கதியும் உள்ளே இருக்கும். இரண்டு நல்ல நண்பர்கள் இந்த ஒரு சொல்லில் மணிக்கணக்காக மோதிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழில் அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும். அடைவு வைத்த நகையை மீட்கிறோம், ஈடு வைத்த காணியை மீட்கிறோம். நான் பத்தாம் ஆண்டு படித்தபோது அப்பா வருத்தமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா தன் தாலிக்கொடியை அடைவு வைத்தா. ஏழு பவுண். சீட்டை வேதப்புத்தகத்தில் சங்கீதம் பகுதிக்குள் மடித்து வைத்திருப்பா. ஒவ்வொரு முறை புத்தகம் திறக்கும்போதும் சீட்டை வெளியில் எடுத்து, தவணைத் திகதியைப் பார்த்து, திரும்ப வைப்பா. வட்டி ஏறிக்கொண்டே போனது. ஏலத்துக்குப் போகும் என்று கடையில் சொல்லியும் விட்டார்கள். திருக்கடலூரில் இருந்த என் தாய்மாமன் ஒருநாள் பின்னேரம் வந்தார். பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை அம்மாவின் கையில் வைத்தார். "எவ்வளவு ஆனது?" என்று அம்மா கேட்டா. "அதை விடு அக்கா" என்றார். தன் வள்ளத்து எஞ்சினை விற்றிருந்தார் என்பது பிறகுதான் தெரிய வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் மற்றவர்களின் வள்ளத்தில் கூலிக்குப் போனார்.

இந்தக் கதையை நான் பிரசங்கத்தில் சொன்னதில்லை, உங்கள் கேள்வியைப் படித்தபோதுதான் நினைவுக்கு வந்தது. ஏனென்றால் அங்கே காசை வாங்கியவர் அடைவுக் கடைக்காரர். ஆனால் எங்கள் வீட்டில் அவரைப் பற்றி யாரும் பேசியதே இல்லை. அவர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. மாமா வந்தார், தாலிக்கொடி திரும்பி வந்தது, அதற்கு அவருடைய எஞ்சின் போனது. இவ்வளவுதான் எங்கள் வீட்டுக் கதை. வேதத்தில் கிறிஸ்துவின் மீட்பைப் பற்றி வரும் வசனங்களை ஒன்றுவிடாமல் எடுத்துப் பார்த்தாலும் இதே சாயல்தான் தெரியும். மீட்டவர் யார், யார் மீட்கப்பட்டார், அதற்கு என்ன போனது என்பதெல்லாம் திரும்பத் திரும்ப வரும். வாங்கியவர் யார் என்பது வராது. "யாரிடம் கொடுத்தார்?" என்ற உங்கள் கேள்விக்கு வேதத்தில் நேர்ப்பதில் கிடையாது. இது உறுதி.

எபிரேய மொழியில் மீட்பதற்கு முக்கியமாக இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று 'பாதா'. ஈடாக ஒன்றைக் கொடுத்து விடுவிப்பதற்கு வருவது. தலையீற்றுக் கழுதைக்குப் பதிலாக ஆட்டுக்குட்டியைக் கொடுத்து மீட்கலாம் என்று, எகிப்திலிருந்து வெளியேறிய கதையைச் சொல்லும் யாத்திராகமப் புத்தகத்தின் 13ஆம் அதிகாரத்தில் வருவது இந்தச் சொல். மற்றது 'காஅல்'. இது உறவுச் சொல். ஒருவன் வறுமைப்பட்டுக் காணியை விற்றுவிட்டால், நெருங்கிய இனத்தான் வந்து அதை மீட்க வேண்டும் என்று லேவியராகமம் 25 சொல்கிறது. அவன் தன்னையே அடிமையாக விற்றுவிட்டாலும் சகோதரனோ, சிற்றப்பனோ, சிற்றப்பன் மகனோ வந்து மீட்கலாம். அப்படி வருகிறவனுக்கு 'கோஏல்' என்று பெயர். அந்நியன் ஒருவன் வழியில் போகும்போது கோஏல் ஆகிவிட முடியாது. உறவாக இருக்க வேண்டும், செலவைத் தாங்க வசதியும் மனமும் இருக்க வேண்டும்.

ரூத்தின் கதை முழுக்க இதுதான். பஞ்சத்துக்குத் தப்பி மோவாபுக்குப் போன குடும்பத்தில் ஆண்கள் எல்லாரும் செத்துப்போக, மாமியும் மோவாபிய மருமகள் ரூத்தும் வெறுங்கையோடு பெத்லகேமுக்குத் திரும்புகிறார்கள். காணியை மீட்க முதல் உரிமையுள்ள இனத்தான் ஒருவன் ஊரில் இருக்கிறான். காணி என்றதும் சரி என்கிறான். காணியோடு அந்த மோவாபியப் பெண்ணின் பொறுப்பும் வரும் என்றதும், தன் சொந்தச் சொத்துக்குச் சேதம் வரும் என்று ஒதுங்கிக்கொள்கிறான். தன் பாதரட்சையைக் கழற்றிக் கொடுத்து உரிமையை விட்டுவிடுகிறான். அடுத்த இனத்தானான போவாஸ் அந்தச் சேதத்தை ஏற்றுக்கொள்கிறான். நம் பழைய தமிழ் வேதாகமம் இங்கே கோஏலைச் 'சுதந்தரவாளி' என்று மொழிபெயர்த்திருக்கிறது. ஆனால் "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்று யோபு சொல்லும் இடத்திலும் மூலத்தில் அதே கோஏல்தான். யோபு சொன்னது, எனக்கென்று ஒரு நெருங்கிய இனத்தான் இருக்கிறான் என்பது. தமிழில் வாசிக்கும்போது இந்தத் தொடர்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. எனக்கே இறையியல் கல்லூரிக்குப் போகும்வரை தெரியாது.

இஸ்ரவேலருக்கு மீட்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறியது. அதை விவரிக்கும்போதும் இதே சொற்கள்தான் வருகின்றன: ஓங்கிய கையினால் உங்களை மீட்பேன் என்கிறார் கடவுள். எகிப்து அரசன் பார்வோனுக்கு அவர் ஒரு சதமும் கொடுக்கவில்லை. பல நூறு வருடம் கழித்துப் பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு ஏசாயா 52 இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: "விலையின்றி விற்கப்பட்டீர்கள், பணமின்றி மீட்கப்படுவீர்கள்." ஆகவே விலை வாங்க ஒருவர் இருந்தால்தான் மீட்பு என்ற சொல்லையே பாவிக்கலாம் என்ற விதி எபிரேய வேதத்தில் இல்லை. இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே ஏசாயா 43இல், உன்னை மீட்கும்பொருளாக எகிப்தைக் கொடுத்தேன் என்றும் ஒரு வசனம் இருக்கிறது. விலைப் பேச்சு அடியோடு இல்லை என்று யாராவது சொன்னால் அதுவும் சரியில்லை.

இந்தப் பின்னணியோடு, இயேசுவைப் பற்றிய பகுதியான புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். மாற்கு 10:45இல் இயேசு, தாம் ஊழியங்கொள்ள வரவில்லை, ஊழியஞ்செய்யவும் "அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும்" வந்ததாகச் சொல்கிறார். திருவிவிலியம் இதைப் "பலருடைய மீட்புக்கு ஈடாக" என்கிறது. ஈடு என்ற சொல் நம் காதில் எப்படி விழும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிரேக்கத்தில் அந்தச் சொல் 'லூத்ரோன்'. போரில் பிடிபட்டவனையோ அடிமையையோ விடுவிக்கக் கொடுக்கும் தொகை அது. அதன் வேர்ச்சொல் 'லூவோ', கட்டவிழ்ப்பது. அப்போஸ்தலர் பவுல் நிருபங்கள் எழுதி அனுப்பிய சபைகளில் அடிமைகள் இருந்தார்கள். "கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள்" என்று அவர் எழுதியதைக் கேட்டவர்களில் சிலர் உண்மையாகவே சந்தையில் விலைபோனவர்கள். இலங்கையிலும் 1844இல் தான் அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள். அதற்கு முன் இந்தத் தீவில் யாராவது இந்த வசனத்தை வாசிக்கக் கேட்டிருந்தால், அவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. கிரேக்க நாட்டு டெல்பியில், அடிமைகளை அப்போலோ தெய்வத்துக்கு 'விற்று' விடுதலை செய்த ஏராளமான கல்வெட்டுகள் இருக்கின்றன. பவுல் அந்த வழக்கத்தை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்று நூறு வருடத்துக்கு முன் சிலர் உறுதியாகச் சொன்னார்கள். இப்போது பலர் அதை ஏற்பதில்லை. எனக்கும் அது சந்தேகம்தான். யாத்திராகமமே போதுமான பின்னணி.

சரி, எல்லாச் சபைகளும் ஒன்றாகச் சொல்வது என்ன? மனிதர் தம் பாவத்தாலும் மரணத்தாலும் கட்டுண்டிருக்கிறார்கள், தாமாக அவிழ்த்துக்கொள்ள முடியாது. கடவுளே கிறிஸ்துவில் மனிதனாக வந்து, தம் மரணத்தாலும் உயிர்த்தெழுதலாலும் அவர்களை விடுவித்தார். அது அவருக்கு உயிர்ச்செலவாக இருந்தது. அதை யாரும் சம்பாதிக்க முடியாது, பெற்றுக்கொள்ளத்தான் முடியும். இதில் கத்தோலிக்கருக்கும் எங்களுக்கும் சண்டை இல்லை. பாவி கடவுளின் கிருபையால்தான் நீதிமானாக்கப்படுகிறான் என்று 1999இல் கத்தோலிக்கரும் லூத்தரன் சபைகளும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006இல் மெதடிஸ்தர்களாகிய நாங்களும் அதில் சேர்ந்துகொண்டோம். ஆனால் சிலுவை எப்படி இதைச் செய்தது, உள்ளே நடந்தது என்ன என்ற கேள்விக்கு ஒரே பதிலைப் திருச்சபை முழுவதற்குமாக ஆயர்கள் கூடிய பழைய பொதுச் சங்கங்கள் எதுவும் கட்டாயமாக்கவில்லை. 325இல் நிசேயாவில் கூடியதும் 381இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடியதும் கிறிஸ்து யார் என்பதை வரிவரியாக எழுதின. மீட்பைப் பற்றி, நமக்காகவும் நம் இரட்சிப்புக்காகவும் வந்தார், பாடுபட்டார் என்று சொல்லி நிறுத்திக்கொண்டன. உங்கள் நண்பர் சொல்லும் விளக்கம் அந்தச் சங்கங்கள் எழுதிய விசுவாசப் பிரமாணத்தில் இருப்பதல்ல. பிரமாணத்துக்குக் கொடுக்கப்பட்ட விளக்கங்களில் ஒன்று.

உங்கள் கேள்வி ஆயிரத்து அறுநூறு வருடம் பழையது என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் என்ற இறையியலாளர், விலை பிசாசிடம் கொடுக்கப்பட்டது என்ற பக்கம் சாய்ந்தார். நாலாம் நூற்றாண்டில் நீசா ஊர் கிரகோரி அதை ஒரு படமாகவே விரித்தார்: கிறிஸ்துவின் மனித உடல் இரை, உள்ளே மறைந்திருந்த தெய்வீகம் தூண்டில் முள், பிசாசு விழுங்கி மாட்டிக்கொண்டது. தூண்டிலும் இரையும் என்றால் திருகோணமலையில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனாலும் எனக்கு இது ஒட்டவில்லை. இரை வைத்து ஏமாற்றித்தான் கடவுள் வெல்ல வேண்டுமா? இன்னொரு கிரகோரி, நசியான்சு ஊர்க்காரர், அதே காலத்தில் கேட்டது அப்படியே உங்கள் கேள்வி. விலை பொல்லாங்கனுக்கு என்றால் அது எவ்வளவு பெரிய அவமானம், கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே கூலியாகக் கொடுப்பதா? பிதாவுக்கு என்றால், நம்மைப் பிடித்து வைத்திருந்தவர் அவர் இல்லையே? ஆபிரகாம் பலியிடப்போன மகன் ஈசாக்கையே பலியாக ஏற்காமல் ஆட்டைக் கொடுத்த பிதாவுக்குத் தம் ஒரே குமாரனின் இரத்தத்தில் என்ன விருப்பம்? பிதா அதைக் கேட்கவும் இல்லை, அவருக்கு அது தேவைப்படவும் இல்லை, மனிதனைக் கடவுளின் மனிதத்தன்மையாலேயே பரிசுத்தமாக்க வேண்டியிருந்ததால் ஏற்றுக்கொண்டார் என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை மௌனமாக வணங்குவோம் என்று அவர் நிறுத்திக்கொள்கிறார். 381ஆம் ஆண்டுச் சங்கத்துக்குச் சில காலம் தலைமை வகித்தவர் இவர். ஆகவே நீங்கள் கேட்டதை மத நிந்தனை என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள்.

மேற்கில் கதை வேறு பக்கம் போனது. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் கன்டபரி பேராயர் ஆன்செல்ம், பிசாசுக்குக் கடன் எதுவும் இல்லை, கடவுளின் மகிமைக்கு மனிதன் பட்ட கடன்தான் இருக்கிறது, மனிதன் கட்ட வேண்டிய அதைக் கடவுள் ஒருவரால்தான் கட்ட முடியும், அதனால் கடவுள் மனிதனானார் என்று வாதித்தார். பிரபுக்களும் குடிகளும் இருந்த சமூகத்தில் இந்த வாதம் சட்டென்று ஏறியிருக்கும். அவருக்குப் பின் வந்த அபேலார்ட், சிலுவையில் தெரியும் அன்பு நம்மைத் திருப்புகிறது என்பதை அழுத்தினார். 16ஆம் நூற்றாண்டில் சட்டம் படித்த திருச்சபைச் சீர்திருத்தக்காரர் கல்வின், நியாயாதிபதி, தீர்ப்பு, தண்டனை என்ற மொழியில் சொன்னார்: நமக்கு வர வேண்டிய தண்டனையைக் கிறிஸ்து ஏற்றார். இன்று நம் ஊரில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தக் கடைசி விளக்கத்தின் சுருக்கம். அதற்கு வேத ஆதாரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். "கர்த்தரோ நம்மெல்லாருடைய அக்கிரமத்தையும் அவர்மேல் விழப்பண்ணினார்" என்று ஏசாயா 53 சொல்கிறதே. ஆனால் அதைச் சுருக்கிச் சுருக்கி, கோபம் பிடித்த தகப்பன் ஒருவர் அடிக்கக் கையோங்க, நல்ல மகன் குறுக்கே விழுந்து அடி வாங்கினான் என்ற கதையாக ஆக்கிவிடுகிறார்கள். இது தவறு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினவர் தேவனே என்று 2 கொரிந்தியர் 5:19 சொல்கிறது. பிதா ஒரு பக்கம், குமாரன் மறு பக்கம் என்று நிறுத்தினால் அங்கே கிறிஸ்தவ விசுவாசமே முறிந்துபோகும்.

இனி நான் சொல்வது என் சொந்த முடிவு. நீங்கள் ஒருவருக்கு ஐம்பதாயிரம் ரூபா கடன் கொடுத்தீர்கள். அவரால் கட்ட முடியவில்லை. "பரவாயில்லை, விடுங்கோ" என்று சொல்லிவிட்டீர்கள். அந்த ஐம்பதாயிரத்தை யார் கட்டினார்? நீங்கள்தான். யாரிடம் கட்டினீர்கள்? ஒருவரிடமும் இல்லை. ஆனாலும் உங்கள் கையிலிருந்து அது போய்விட்டது. சும்மா மன்னித்துவிடலாமே என்று கேட்டீர்கள். மன்னிப்பில் 'சும்மா' என்று ஒன்று கிடையாது. பட்ட நட்டத்தைத் திருப்பி எறியாமல் தன்னிலேயே வைத்துத் தாங்கிக்கொள்கிறவர்தான் மன்னிக்கிறார். காசுக் கடனிலேயே இப்படி என்றால், துரோகத்தில், கொலையில் எப்படி இருக்கும்? நம் ஊரில் அதைத் தாங்கிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டால் தெரியும். மனிதனின் வன்மம் முழுவதும் வந்து மோதிய இடத்தில், அதைத் திருப்பி அடிக்காமல் கடவுள் தம்மிலேயே வாங்கிக்கொண்டார், அதுதான் சிலுவை. விலை இருந்தது, வாங்கியவர் இல்லை. நான் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். இந்த உவமை பாவம் என்ற கடனுக்குப் பொருந்தும். பாவம் என்ற அடிமைத்தனத்துக்கு இது போதாது. அதற்கு யாத்திராகமம்தான் வேண்டும். ஒரே உவமையால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது என்பதால்தான் புதிய ஏற்பாடே சந்தை, நீதிமன்றம், பலிபீடம், போர்க்களம் என்று மாறி மாறிப் பேசுகிறது.

வினையைப் பற்றிக் கேட்டது இதைவிடக் கடினம். ஒருவன் குற்றத்தை இன்னொருவன் சுமப்பதில்லை என்று எங்கள் வேதமே சொல்கிறது. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்பது எசேக்கியேல் 18. ஆகவே குற்றத்தைப் பொதிபோல ஒரு தோளிலிருந்து இறக்கி இன்னொரு தோளில் ஏற்றினார்கள் என்ற விளக்கத்தை நானும் ஏற்க மாட்டேன். இங்கேதான் கோஏல் திரும்ப வருகிறான். பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவர்களாயிருக்க அவரும் அப்படியே ஆனார், அவர்களைச் சகோதரர் என்று சொல்ல வெட்கப்படவில்லை என்கிறது எபிரெயர் 2. மீட்க வந்தவர் முதலில் செய்தது உறவாக ஆனதுதான். இன்னொரு சீர்திருத்தக்காரரான லூத்தர் 1520இல் இதற்குக் கலியாணத்தை உவமையாகச் சொன்னார். கலியாணமானால் ஒருவர் சொத்தும் மற்றவர் கடனும் இருவருக்கும் பொது. பவுல் திரும்பத் திரும்ப எழுதும் "கிறிஸ்துவுக்குள்" என்ற சொல்லுக்கும் பொருள் இதுதான்.

சைவ சித்தாந்தத்தில் எனக்கு முறையான படிப்பு இல்லை, பக்கத்து வீட்டுச் சைவ ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். உயிராகிய பசு தன் பாசக்கட்டைத் தானே அறுத்துக்கொள்ள முடியாது, பதியாகிய இறைவனின் அருள் வேண்டும் என்று அவர் சொன்னபோது, கட்டவிழ்த்தல் என்ற அந்தக் கிரேக்க வேர்ச்சொல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. மற்றவர்களைக் காக்க நஞ்சை எடுத்துத் தன் கண்டத்தில் நிறுத்திக்கொண்டவரை நீங்கள் தினமும் வணங்குகிறீர்கள். மற்றவரின் அழிவைத் தன்னில் வாங்கிக்கொள்ளும் கடவுள் என்ற எண்ணம் உங்களுக்குப் புதிதாக இருக்க முடியாது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல நான் வரவில்லை. நீலகண்டர் சாகவில்லை. எங்கள் விசுவாசம் ஒரு குறிப்பிட்ட காலத்தில், பொந்தியு பிலாத்து என்ற உரோம ஆளுநனின் கீழ், கடவுள் உண்மையாகவே மரணத்துக்குள் போனார் என்கிறது. அந்த வித்தியாசம் பெரியது, அதை மழுப்பக் கூடாது.

யாருக்காக என்பதிலும் சபைகளுக்குள் வேறுபாடு உண்டு. 1618, 1619இல் ஒல்லாந்து நாட்டு டோர்ட் நகரில் கூடிய சங்கம், கிறிஸ்துவின் மரணம் மீட்பது கடவுள் முன்னமே தெரிந்தெடுத்தவர்களைத்தான் என்று முடிவெடுத்தது. பிறகு நம் கோட்டையைப் பிடித்திருந்த ஒல்லாந்தரின் சபை அந்த வழியில் வந்தது. எங்கள் மெதடிஸ்த வழியைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அதைக் கடுமையாக மறுத்து, எல்லாருக்கும் என்றார். நான் வெஸ்லியின் பக்கம். மாற்கு "அநேகரை" என்கிறார், 1 தீமோத்தேயு 2:6 "எல்லாரையும்" என்கிறது.

கோயில் பற்றிய உங்கள் கடைசி வரியைத் தாண்டிப் போகலாம் என்று முதலில் நினைத்தேன். அப்படிப் போனால் மேலே எழுதியதற்கெல்லாம் மதிப்பிருக்காது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள், அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கழுத்தில் சிலுவையோடு செய்தார்கள். அது அந்தக் காலத்து அரசியல் என்று சொல்லி நான் தப்பிக்க மாட்டேன். தன் எஞ்சினை விற்றவன்தான் மீட்பவன். அடுத்தவனுடையதை உடைப்பவன் மீட்பைப் பற்றி என்ன பேசினாலும் அவன் வேறு ஏதோ செய்கிறான். என் சபையார் சார்பாகப் பேச எனக்கு அதிகாரம் இல்லை. என் சார்பாகச் சொல்கிறேன்: அதற்காக வெட்கப்படுகிறேன். கோணேசர் மலைக்கு ஏறும்போதெல்லாம் கோட்டை வாசலில் அந்த நினைவு வரும்.

இன்னொன்றும் இருக்கிறது, நீங்கள் கேட்காதது. சில வருடத்துக்கு முன், காணாமல்போன மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு அம்மா ஆராதனை முடிந்த பிறகு வாங்கிலேயே உட்கார்ந்திருந்தா. நான் பக்கத்தில் போனதும், "ஐயா, மீட்டாச்சு மீட்டாச்சு எண்டு பாடுறியள். என்ர பிள்ளை எங்க?" என்று கேட்டா. அவவின் மடியில் மகனின் அடையாள அட்டைப் பிரதி, ஓரம் தேய்ந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. நான் படித்த எந்த விளக்கமும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து ரோமர் 8ஐத் திரும்ப வாசித்தேன். சரீர மீட்புக்குக் காத்திருந்து உள்ளத்தில் தவிக்கிறோம் என்று பவுல் அங்கே எழுதுகிறார். மீட்பு நடந்து முடிந்தது என்று எழுதிய அதே மனிதர், இன்னும் வரவில்லை என்றும் எழுதுகிறார். சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுகிறது என்கிறார். முடிந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லும் பிரசங்கம் அந்த அம்மாவுக்குப் பொய். இனிமேல்தான் என்பதை மட்டும் சொன்னால் சிலுவைக்கு அர்த்தமில்லை. இரண்டையும் எப்படி ஒன்றாகப் பிடிப்பது என்பதை நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து "மீட்டுவிட்டார்" என்று பிரசங்கத்தில் சொல்லும் முன் அந்த வாங்கை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உங்கள் நண்பரோடு இதைத் தொடர விரும்பினால், ரோமர் நிருபத்தில் தொடங்காதீர்கள், இரண்டாம் நாளே வாக்குவாதமாகிவிடும். ரூத்தின் புத்தகம் நாலே அதிகாரம், ஒரு பின்னேரத்தில் இருவரும் சேர்ந்து வாசித்துவிடலாம். சுதந்தரவாளி என்று வரும் இடமெல்லாம் மீட்பர் என்று மாற்றி வாசியுங்கள். பாதரட்சையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனவனுக்கு அந்தக் கதையில் பெயரே இல்லை, அதையும் நண்பருக்குக் காட்டுங்கள். அப்புறம் மாற்கு 10ஐ எடுங்கள். அங்கே இடறுகிற இடம் எதுவென்று எழுதுங்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.